வறட்சியும் வித்தும்

(பயிர்ச்செய்கைக் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

கமக்காரர்களே,

மழை பிந்தினால் எதை விதைப்பது, குளத்து நீர் குறைந்தால் அதை எப்பொழுது பாய்ச்சுவது என்னும் இரண்டு வினாக்களே இத்தகைய கூட்டங்களில் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படுபவை. இவற்றுக்கு ஒவ்வொரு வரியில் விடை கூறிவிட்டு அமர்வது எளிது. ஆயினும் இன்று சற்று நேரமெடுத்து, நீரற்ற வேளையிலே பயிரின் உள்ளே என்ன நடைபெறுகின்றது என்பதை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். காரணத்தை அறிந்த கமக்காரர், போதனாசிரியர் பக்கத்தில் இல்லாத நாளிலும் தம் வயலைப் பார்த்துத் தாமே முடிவு செய்வார்.

இதைச் சொல்வதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் பெரும்போகத்தில் மாரி மழை பொய்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறு ஆண்டில் நாட்டின் நெல் விளைவு ஏறக்குறைய 27 இலட்சம் தொன்னாகவே இருக்குமென்றும், அது முந்திய ஆண்டைவிட 100க்கு 40 அளவிற் குறைவென்றும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பினர் கணித்தனர். அப்பொழுது நான் சேவைக்கு வந்து நெடுங்காலமாகவில்லை. வன்னியிற் சிறு குளமொன்றின் கீழ் மூன்றரை மாத நெல் விதைத்திருந்தார்கள். மட்டம் வெடிக்கும் பருவத்தில் இலைகள் சுருண்டு ஊசி போல நின்றதைக் கண்டு நான் பதறினேன். இருந்த நீரில் இரண்டு பாய்ச்சல் கொடுத்துவிடுவோம் என்று அமைப்பினருக்குச் சொன்னேன். அவர்களும் என் சொல்லை மதித்துத் துருசைத் திறந்தார்கள். மூன்றாம் நாள் வயல் பச்சைப்பசேலென நின்றது. எனக்கும் நல்ல பெயர் கிடைத்தது. ஆனாற் குடலைப் பருவம் வந்தபோது குளத்திற் சேறுதான் கிடந்தது. கதிர்கள் பாதி வெளிவந்து வெள்ளையாய் நின்றன. அரிவி வெட்டுக்கு அங்கே ஒன்றுமில்லை.

வரம்பில் நின்ற முதியவர் ஒருவர் என்னைக் கடிந்து பேசவில்லை. "தம்பி, எங்கள் அப்பு காலத்து நெல் காய்ந்து கிடந்தும் எழும்பி ஏதோ நாலு மூட்டை தரும். உங்கள் இலாகா நெல் பச்சையாய் நின்றும் பதராய்ப் போச்சே, அது ஏன்?" என்று மாத்திரம் கேட்டார். அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. விவசாயப் பாடசாலையிலே பிறப்புரிமையியலைப் பரீட்சைக்காகப் படித்தவன் நான். வயலோடு பொருத்திப் பார்க்கவில்லை. அவருடைய வினாவுக்கு நான் பின்னர் தேடிக் கற்ற விடையே இவ்வுரை.

பயிரின் உடல் கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தினுள்ளும் நிறமூர்த்தங்கள் என்னும் நூல் போன்ற பொருள்கள் உண்டு. நெல்லுக்கு அவை 12 சோடி. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இயல்புகள் யாவும் அந்நூல்களிலே ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டுள்ளன. அவ்வெழுத்தில் ஒரு வேலைக்குரிய பகுதியைப் பரம்பரையலகு என்கிறோம். ஜீன் என்று நீங்கள் கேள்விப்படுவதும் இதுவே. பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி நெல்லின் முழு எழுத்தையும் 2005ஆம் ஆண்டில் வாசித்து முடித்தபோது, அதில் ஏறக்குறைய 37,500 பரம்பரையலகுகள் உண்டென மதிப்பிட்டனர்.

இவையெல்லாம் எந்நேரமும் வேலை செய்வதில்லை. உங்கள் வீட்டிலே மண்வெட்டியும் உண்டு, குடையும் உண்டு, இறைப்பு இயந்திரமும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுப்பீர்களா? அவ்வாறே வறட்சிக்கெனப் பயிர் வைத்திருக்கும் பரம்பரையலகுகள் நீருள்ள காலத்தில் வாளாவிருக்கும். நிலம் காயத் தொடங்கியதும் பயிர் அவற்றை எடுத்து வேலைக்கு விடுகின்றது.

முதலில் நடப்பது இது. வேருக்கு நீர் கிடையாது போகவே கலங்களின் விறைப்புத் தளர்கின்றது. உடனே ஒரு பரம்பரையலகு விழித்து, அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோனை ஆக்குவதற்கு வேண்டிய நொதியத்தைச் செய்கின்றது. இவ்வோமோன்தான் பயிரின் பஞ்சச் செய்தி. இலையின் மேற்பரப்பிலே இலைவாய்கள் என்னும் நுண்டுவாரங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. காற்று உட்செல்வதும் நீராவி வெளிச்செல்வதும் அவற்றின் வழியே. ஒவ்வொரு வாயின் இரு புறத்திலும் இரண்டு காவற்கலங்கள் நிற்கின்றன. பஞ்சச் செய்தி வந்தவுடன் அக்கலங்கள் தம்மிடமுள்ள பொற்றாசியத்தை வெளிவிட்டுச் சோர்ந்து ஒட்டிக்கொள்ள, வாய் மூடிவிடுகின்றது. நீரிழப்பு நிற்கின்றது. ஆயின் உணவாக்கத்துக்கு வேண்டிய காற்றும் உள்ளே வருவதில்லை. கதவை அடைத்தவன் வீட்டுக்குக் கள்வரும் வாரார், விருந்தினரும் வாரார். பயிர் உயிர் பிழைக்கும், வளராது.

அடுத்து வேறொரு கூட்டம் எழுகின்றது. 1998ஆம் ஆண்டில் யப்பானிய விஞ்ஞானிகள் கடுகுக் குடும்பத்துச் சிறு களையொன்றிலே சில பரம்பரையலகுகளைக் கண்டறிந்தனர். இவை தாமாக எதையும் ஆக்கிக் குவிப்பதில்லை. வேறு பல பரம்பரையலகுகளை ஏவிவிடுவதே இவற்றின் தொழில். துருசு ஒன்றைத் திறந்தாற் பத்து வாய்க்காலில் நீர் ஓடுவது போல, இவற்றில் ஒன்று விழித்தாற் பல விழிக்கின்றன. அவற்றிற் சில, கலத்தினுள்ளே வெல்லங்களையும் புரோலீன் என்னும் பொருளையும் சேர்த்து நீரைப் பிடித்து வைக்கின்றன. சில, கலத்தின் உறுப்புகள் காய்ந்து ஒட்டிப்போகாமற் காக்கும் புரதங்களை ஆக்குகின்றன. நெல்லிலும் இத்தகைய ஏவற்பரம்பரையலகுகள் உண்டு.

அப்படியாயின் அவற்றை எப்பொழுதும் விழித்திருக்கச் செய்துவிடலாமே என்று நீங்கள் எண்ணக்கூடும். அதே விஞ்ஞானிகள் அதையும் செய்து பார்த்து 1999இல் வெளியிட்டனர். அச்செடி வறட்சியைத் தாங்கியது. ஆனால் நல்ல நீருள்ள வேளையிலும் குன்றிப்போய் நின்றது. வறட்சி வந்தபோது மாத்திரம் விழிக்கும்படி அமைத்த செடியே குன்றலின்றித் தாங்கிற்று. நித்தம் பஞ்சத்துக்கு ஆயத்தமாயிருக்கும் பயிர் நல்ல மாரியிலும் பஞ்ச விளைச்சலே தரும் என்பதை இதிலிருந்து அறிகிறோம். எனவே எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் ஏற்ற வறட்சி நெல் என்று எவரேனும் உங்களிடம் விதை விற்க வந்தாற் கொஞ்சம் யோசியுங்கள்.

இனி வேருக்கு வருவோம். ஐ.ஆர். 64 என்பது உலகெங்கும் விதைக்கப்பட்ட குட்டை நெல். அதன் வேர்கள் மேல் மண்ணிலேயே படர்பவை. பிலிப்பைன் நாட்டின் மேட்டு நெல்லாகிய கினாண்டாங் பாட்டோங்கின் வேர்களோ கீழ்நோக்கி இறங்குபவை. இந்த வேற்றுமைக்குக் காரணமான பரம்பரையலகொன்றை யப்பானியர் 2013இல் ஒன்பதாம் நிறமூர்த்தத்திலே கண்டனர். ஐ.ஆர். 64 இல் அப்பரம்பரையலகு இல்லாமல் இல்லை. அதன் எழுத்தில் ஒரேயோர் எழுத்து விடுபட்டுப் போனதால் வேலை செய்யாதிருக்கின்றது! அதைக் கலப்பு முறையாற் கொண்டுவந்து சேர்த்தபோது வேரின் சாய்வு மாறிக் கீழே இறங்கிற்று. கடும் வறட்சியிலே பழைய ஐ.ஆர். 64 ஏறக்குறைய ஒன்றுமே தராதிருக்க, வேரிறங்கிய நெல் ஓரளவேனும் விளைந்தது.

இதிலே நம் நாட்டு வயலுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுதோறும் சேற்றுழவு செய்து, ஒரே ஆழத்திற் சுழற்கலப்பையை ஓட்டி, மேல் மண்ணுக்குக் கீழே ஒரு சாணளவில் இறுகிய படையொன்றை நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம். நீரைத் தேக்குவதற்கு அது வேண்டியதே. ஆனால் வேருக்கு அது சீமெந்துத் தரை. கீழே இறங்கு என்று பரம்பரையலகு ஏவினாலும் வேர் எங்கே இறங்கும்? ஆதலால் குளத்து நீரை நம்பாது மானாவாரியாகப் புழுதி விதைப்புச் செய்வோர், முதல் மழையில் ஒருமுறை கொழுக்கலப்பையால் ஆழ உழுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். குளத்தின் கீழ்ச் சேற்று விதைப்புச் செய்வோருக்கு இதை நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு நீர் கீழே ஓடிவிடும்.

முதியவர் கேட்ட வினாவுக்கு இப்பொழுது வருகிறேன். பழைய நெல் ஏன் எழும்பிற்று?

பழைய நெல்லினங்கள் நெடியவை. பசளை இட்டாற் சாய்ந்து விழுவன. 1966ஆம் ஆண்டில் பிலிப்பைனிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. தைவான் நாட்டுக் குட்டை நெல்லொன்றின் இயல்பை இந்தோனேசிய நெடு நெல்லோடு கலந்து பெற்றது அது. பின்பு நம் பத்தலகொடை நிலையத்திலிருந்தும் குட்டை இனங்கள் வந்தன. தண்டு குறுகியதால் நெல் சாயவில்லை, பசளையைத் தாங்கிற்று, விளைச்சல் பெருகிற்று. குட்டைத் தன்மை எங்கிருந்து வந்தது? முதலாம் நிறமூர்த்தத்திலே தண்டை நீட்டும் ஓமோனாகிய கிபரெலினை ஆக்குவதற்கு வேண்டிய பரம்பரையலகொன்று பழுதுபட்டிருப்பதால் வந்தது.

வேடிக்கை என்னவெனில், அதே நிறமூர்த்தத்தில் அப்பரம்பரையலகுக்கு மிக அண்மையிலேயே வறட்சியில் விளைச்சல் தரும் ஒரு பகுதியும் இருக்கின்றது. நாகினா 22 போன்ற இந்தியாவின் பழைய நெடு நெல்களில் இப்பகுதியைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2011ஆம் ஆண்டையொட்டிக் கண்டறிந்தனர். நிறமூர்த்தத்திலே அயலில் உள்ளவை பெரும்பாலும் ஒன்றாகவே பிள்ளைக்குச் செல்லும். நெடுமையோடு ஒட்டி நின்றது வறட்சித் தாங்கல். குட்டைமையைத் தேர்ந்து தேர்ந்து எடுத்தபோது, தேர்ந்தவர் அறியாமலே அயலவனும் வெளியேறிவிட்டான். மூலைக் காணியை விற்றபோது அதற்குள் இருந்த கிணறும் போனது போல. குட்டை நெல்லினங்கள் பலவற்றில் அது இல்லாமற் போனதற்கு இதுவே காரணம் என்பதை 2015இல் அவர்கள் விளக்கி எழுதினர்.

நம் மொட்டைக்கறுப்பனிலும் பச்சைப்பெருமாளிலும் இதே பகுதிதான் உண்டென்று நான் சொல்லத் துணியேன். பழைய நெல் தாங்கியமைக்கு அதன் நீண்ட வயது, பருவம் பார்த்துப் பூக்கும் இயல்பு, குறைந்த இலைப்பரப்பு ஆகியனவும் காரணமாகலாம். எனினும் முதியவரின் கண்ணுக்குப் பட்டது பொய்யன்று. நெல் குட்டையானபோது ஏதோவொன்று கைவிட்டுப் போனது உண்மை. அதற்காகப் புதிய நெல்லைத் தூற்றுவதும் நீதியன்று. நல்ல நீருள்ள போகத்தில் ஏக்கருக்குப் பழைய நெல் தந்த புசல்களையும் புதியது தரும் புசல்களையும் நீங்களே அளந்து அறிவீர்கள். அப்பு காலத்திற் குடும்பத்துக்கு வேண்டிய நெல்லைப் பெற எத்தனை ஏக்கர் வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒட்டி நிற்பவற்றைப் பிரிக்க இயலாதா? இயலும். ஆயிரக்கணக்கான பிள்ளைச் செடிகளுள் மிகச் சிலவற்றில் நிறமூர்த்தம் அவ்விரண்டுக்கும் இடையிலேயே அறுந்து மாறிச் சேர்ந்திருக்கும். எழுத்தை வாசிக்கத் தெரிந்த பின்பு அச்செடியை நாற்றுப் பருவத்திலேயே அடையாளம் காணலாம். அவ்வாறு குட்டையாகவும் வறட்சியைத் தாங்குவதாகவும் உள்ள நெல்லை வளர்ப்பாளர் பெற்றுள்ளனர்.

இன்னொரு செய்தியும் என்னை வியப்பில் ஆழ்த்தியது. இந்தியாவின் மேட்டு நெல்லாகிய வந்தனாவையும் இந்தோனேசியாவின் வே ராரெம் என்னும் நெல்லையும் கலந்து, கடும் வறட்சியில் அவற்றின் பிள்ளைகளைச் சோதித்தனர். வந்தனா வறட்சி தாங்கும். வே ராரெம் தாங்காது. ஆயின் பன்னிரண்டாம் நிறமூர்த்தத்திலே விளைச்சலைக் காத்த பெரும்பகுதி வந்திருந்தது வே ராரெம் வழியாக! நலிந்தவனென்று எண்ணப்பட்டவன் வீட்டுப் பெட்டியிலே நல்ல உறுதி ஒன்று கிடந்திருக்கின்றது. அவனுக்கு அதைப் பயன்படுத்தும் துணை இல்லை, அவ்வளவே. 2007இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்த பின்பு, எந்த நெல்லையும் பயனற்றது என்று நான் சொல்வதில்லை. உங்கள் பகுதியில் எவரிடமேனும் பெயர் தெரியாத பழைய நெல் ஒரு சுண்டளவு இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். கன்னொறுவையிலுள்ள தாவர மரபணு வள நிலையத்தில் அதைக் குளிர் அறையில் வைத்துக் காக்கலாம்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் நீக்க வேண்டும். காய்ந்து தப்பிய பயிரிலிருந்து எடுத்த விதை வறட்சிக்குப் பழகிய விதை என்று பலர் நம்புகிறார்கள். ஒரு போக வறட்சியால் வித்திலுள்ள எழுத்து மாறிவிடாது. இலாகாவின் தூய இனமாயின் தப்பிய செடியும் தப்பாத செடியும் உள்ளெழுத்தில் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று பள்ளத்தில் நின்றது, மற்றது மேட்டில் நின்றது, அதுவே வேற்றுமை. ஆனாற் பழைய நாட்டு நெல் பெரும்பாலும் கலப்பு. அதிலே பலவகைச் செடிகள் உண்டு. அவற்றுள் ஒரே சமனான தரையில் நின்று, அயற்செடி பதராக, தான் மணி பிடித்த செடியின் கதிரைத் தனியே எடுத்து வைத்தால் அங்கே தெரிவு நடக்கின்றது. நம் பாட்டன்மார் செய்தது அதுதான்.

விதை தெரிவதற்கு இவ்வளவையும் எவ்வாறு பயன்படுத்துவது? பயிர் வறட்சியை எதிர்கொள்ளும் வழிகளுள் மிகவும் நம்பத்தக்கது, வறட்சி வருமுன் விளைந்துவிடுவதே. பூக்கும் நாளை முந்தச் செய்வதும் பரம்பரையலகுகளின் வேலைதான். பத்தலகொடை நெல்லின் இலக்கத்தைப் பாருங்கள்: பீ.ஜீ. 250 இரண்டரை மாதம், பீ.ஜீ. 300 மூன்று மாதம், பீ.ஜீ. 352, பீ.ஜீ. 358 மூன்றரை மாதம். சிறுபோகத்திற் குளம் அரைவாசிக்கும் குறைவாயிருந்தால், அல்லது பெரும்போக மழை பிந்தி விதைப்பும் பிந்தினால், மூன்றரை மாத நெல்லை விடுத்துக் குறுகிய வயதுள்ளதை விதையுங்கள். நல்ல போகத்தில் இரண்டரை மாத நெல் குறைவாகவே தரும். மட்டம் வெடித்துக் கதிர் கட்ட அதற்கு நாளில்லை. அதற்கு வித்தைச் சற்று அடர்த்தியாக விதைத்துப் பசளையை நாள் தவறாது இடவேண்டும். பிந்திய பசளையை வாங்கிக்கொள்ள அது காத்திராது. வயல் முழுவதையும் விதைக்க நீர் போதாதாயின், மேட்டுத் துண்டுகளில் நெல்லை விட்டுப் பயறோ கௌபியோ போடலாம். கௌபி இலைவாயை மிக முந்தியே மூடிக்கொள்ளும். நண்பகலிலே இலையைத் திருப்பிச் சூரியனுக்கு விளிம்பைக் காட்டும். அதன் ஆணிவேர் நெல் வேர் எட்டாத ஆழத்து ஈரத்தைத் தேடும்.

விதையிற் செய்யக்கூடியதைச் செய்தாயிற்று. இனி நீர். என் தவறு நிகழ்ந்த இடம் அதுவே.

மட்டம் வெடிக்கும் பருவத்தில் இலை சுருளுவது பயிரின் அபாயக் குரலன்று, அதன் காப்பு. இலையின் மேற்புறத்துப் பெருங்கலங்கள் நீரிழந்து சுருங்க, இலை சுருண்டு வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கின்றது. அப்பருவத்தில் நெல் பொறுக்கும். பூப்பதைச் சில நாள் பிற்போட்டுக் காத்திருக்கவும் செய்யும். குடலையில் அதனாற் காத்திருக்க இயலாது. கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்னே, குடலையினுள் மகரந்த மணிகள் உருவாகின்றன. ஒவ்வொரு மணியும் மாப்பொருளால் நிரம்பவேண்டும். அதற்கு வெல்லத்தை உடைத்து ஊட்டும் நொதியம் வேண்டும். வறட்சியில் அந்நொதியத்தின் பரம்பரையலகு அடங்கிவிட, மகரந்தம் வெறுமையாகின்றது. அதன்பின் நீங்கள் ஆறு மறித்துப் பாய்ச்சினாலும் நிரம்பாது. பயிர் பச்சையாய் நிற்கும், கதிரும் வரும், மணியில் ஒன்றுமிராது. முதியவர் கண்டது இதைத்தான்.

நாட்கணக்கை மனத்திற் கொள்ளுங்கள். நம் வெப்பத்திலே நெல் பூத்து ஏறக்குறைய 30 நாளில் முற்றும். ஆகவே 105 நாள் நெல் 75ஆம் நாளளவிற் பூக்கும். 60ஆம் நாளிலிருந்து 80ஆம் நாள் வரை அதன் ஆபத்துக் காலம். 90 நாள் நெல்லுக்கு 45 முதல் 65 வரை. இரண்டரை மாத நெல்லுக்கு 35 முதல் 55 வரை. விதைத்த நாளைக் கலண்டரிற் குறித்து, இந்த இருபது நாளையும் சிவப்பு மையால் அடித்து வையுங்கள். அதற்கு முன்னே இலை சுருண்டால் விடியற்காலையிற் சென்று பாருங்கள். மத்தியானம் சுருண்ட இலை விடியலில் விரிந்திருந்தால் இன்னும் இரண்டொரு நாள் பொறுக்கலாம். விடியலிலும் சுருண்டே இருந்தாற் சிறிது நீர் விடுங்கள். தேக்கி நிறுத்த வேண்டியதில்லை, மண் நனைந்தாற் போதும். காய்ந்த நிலத்தில் யூரியாவை எறியாதீர்கள். பொற்றாசியப் பசளையை மட்டும் தவறவிடாதீர்கள். காவற்கலங்கள் வாய் திறந்து மூடுவது அதைக் கொண்டே என்பதை முன்னே சொன்னேன்.

தோட்டக்காரருக்கும் சில வார்த்தைகள். மிளகாய் காய்ந்தாற் பூவைக் கொட்டிவிடும். பூக்காம்பின் அடியில் மெல்லிய கலப்படையொன்றை அறுத்துவிடும்படி பரம்பரையலகுகள் ஏவுவதால் அது நிகழ்கின்றது. இருக்கும் காயைக் காக்கப் பூவைப் பலியிடுகின்றது. ஆதலாற் பூக்கும் வேளையிலே இறைப்பைத் தவறவிடலாகாது. தக்காளிக்குக் காயவிட்டுக் காயவிட்டு வெள்ளமாய் இறைப்பது தீது. கல்சியம் காய்க்குச் சீராகச் சென்று சேராமல் அடிப்பக்கம் கறுத்துப்போகும். நாள்தோறும் தெளித்தாற்போல இறைத்தால் வேர் மேலேயே தங்கிவிடும்; இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆழ நனையும்படி இறைப்பது மிளகாய், கத்தரிக்கு ஏற்றது. வெங்காயத்துக்கு இவ்விதி பொருந்தாது. அதன் வேர் இயல்பிலேயே மேலோட்டமானது, அடிக்கடி கொஞ்சம் வேண்டும். எதற்காயினும் வைக்கோலையோ காய்ந்த இலை குழையையோ பரப்பி நிலத்தை மூடினால் ஓர் இறைப்பு மிச்சமாகும்.

நாற்றைப் பிடுங்குமுன் சில நாள் நீரைக் குறைத்துக் கடினப்படுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. இதற்கும் காரணம் கிடைத்திருக்கின்றது. முன்னே சொன்ன அதே கடுகுக் குடும்பக் களையை அமெரிக்காவின் நெபிராஸ்காப் பல்கலைக்கழகத்தார் பலமுறை வாடவிட்டுத் தேற்றி, முதல் முறையைவிட அடுத்த முறைகளிற் சில பரம்பரையலகுகள் விரைந்து வலுவாக எழுவதை 2012இற் காட்டினர். இந்த நினைவு ஐந்து நாள் நல்ல நீரிலும் நின்றது. ஏழு நாளில் மறைந்தது. களைக்குச் சரியானது கத்தரிக்கும் நாட்கணக்கில் அப்படியே சரியென்று சொல்வதற்கில்லை. ஆயினும் கடினப்படுத்திய நாற்றை மறுபடி ஒரு வாரம் நீரூற்றி வளர்த்துவிட்டு நடுவதிற் பயன் இல்லையென்றே எனக்குத் தோன்றுகின்றது. கடைசி ஏழு நாளில் நீரைக் குறையுங்கள். நடும் நாளின் காலையில் மாத்திரம் நாற்றுமேடையை நனைத்துப் பிடுங்குங்கள்.

அந்தக் குளத்தின் கீழ் இப்பொழுது ஓர் ஏற்பாடு நடக்கின்றது. துருசின் அருகே மரக்கம்பொன்றை நட்டு, அதிலே சிவப்புப் பூச்சால் ஒரு கோடு இட்டிருக்கிறார்கள். விதைத்த பரப்புக்கு இரண்டு பாய்ச்சலுக்கு வேண்டிய நீர் அக்கோட்டின் கீழ் நிற்கும். நீர் கோட்டுக்கு இறங்கியதும் துருசை அடைத்துத் திறப்பை அந்த முதியவரிடம் கொடுத்துவிடுவார்கள். வயலிற் குடலை தடித்ததை அவர் தாமே நெரித்துப் பார்த்தாலொழியத் திறப்பைத் தரமாட்டார். போன சிறுபோகத்தில் நானே போய்க் கேட்டபோதும் தரவில்லை. உங்கள் குளத்துக்கும் அப்படியொரு கோடு இட விரும்பினால், இக்கூட்டம் கலைவதற்கு முன் விதைக்கப்போகும் ஏக்கரையும் இனத்தையும் என்னிடம் எழுதித் தாருங்கள். அடுத்த கிழமை அளவுகோலுடன் வருகிறேன்.